கணிப்பொறியினின்று மென்பொருள்களை நீக்கும் முறை

பின்னலாடையில் ஒரு கண்ணி அறுந்தால், அதனைப் பற்றி நின்ற கண்ணிகளும் அவிழ்ந்துவிடும் என்பதைத் திருப்பூர் வட்டாரத்தார் நன்கறிவர். யுனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் மென்பொருள் தொகுதிகளும் இவ்வாறே ஒன்றையொன்று பற்றி நிற்பன. ஆதலின் கோப்புகளைக் கைபோன போக்கில் அழித்தல் தகாது. தொகுதிகளின் கணக்கை வைத்திருக்கும் நிரலைக் கொண்டே அவற்றை நீக்கல் வேண்டும்.

சென்னை ஸிடாக் நிறுவனத்தார் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸை உதாரணமாகக் கொள்வோம். அது 1993-ல் தோன்றிய டெபியனை அடியாகக் கொண்டது. இதில் ‘ரிமூவ்’ என்னும் கட்டளை, தொகுதியை நீக்கினும் அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ என்பதோ அவற்றையும் களையும். பின்னர் ‘ஆட்டோரிமூவ்’ என்பது, பிறவற்றிற்குத் துணையாக வந்து இப்பொழுது வேண்டப்படாது கிடப்பவற்றை அகற்றும்.

அனைத்தையும் நீக்கலாமோ எனின், ஆகாது. ‘எஸென்ஷியல்’ எனக் குறிக்கப்பட்டவை இயக்கத்தின் உயிர்நாடி. அவற்றைக் களையின் களையும் கருவியே செயலற்றுப்போம். ஓப்பன்பிஎஸ்டியிலோ அடிப்படை அமைப்பு வேறு, தொகுதிகள் வேறு. ஆதலின் தொகுதிகள் முழுவதையும் களைந்தாலும் அடிப்படை குலையாது.

நிற்க. பனியன் கம்பெனியொன்றின் பழைய கணிப்பொறி பிறர் கைக்கு மாறுங்கால், இவ்வளவே போதுமென்று எண்ணுவோர் உளர். பர்ஜ் செய்தபின்னும் பயனரின் கோப்புகளில் தொழிலாளர் கூலிக்கணக்கும் வாங்குவோர் முகவரியும் அப்படியே இருக்கும். மென்பொருளை நீக்குதல் வேறு. செய்தியை அழித்தல் வேறு. கைம்மாறும் யந்திரத்தின் வட்டினையே முற்றும் அழித்துப் புதிதாக அமைத்துக் கொடுத்தலே, நம்மை நம்பியோர்க்கு நாம் செய்யும் கடமையாம்.