தனியொருவர், ஒரு பாய்மரம், 236 நாள்கள்

பாய்மரம் ஒடிந்த படகுக்குள், முதுகெலும்பு முறிந்து, எழுந்து நிற்கவும் இயலாமல் மூன்று நாள்கள் கிடந்தார் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. 2018 செப்டம்பர் 21-ஆம் தேதி தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசிய புயல் அவரது "துரியா" படகைப் புரட்டிப் போட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவில் நேர்ந்த விபத்து அது.

மோரீஷஸிலிருந்து பறந்து சென்ற கடற்படையின் பி-8ஐ விமானம் படகைக் கண்டறிந்தது. (இவ்வகை விமானங்களின் தாயகத் தளங்களுள் ஒன்று நமது அரக்கோணம்.) தனது படகின் பாய்மரமும் முறிந்த நிலையில், டோமியை நோக்கிச் செல்ல முயன்றார் சக போட்டியாளரான அயர்லாந்து வீரர் கிரிகோர் மெக்குக்கின். செப்டம்பர் 24-இல் பிரான்ஸின் "ஒசிரிஸ்" கண்காணிப்புக் கப்பல் டோமியை மீட்டது.

அவர் பங்கேற்றது "கோல்டன் குளோப்" பந்தயம். பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் உள்ள லே சாப்ல் தொலோனிலிருந்து தனியே புறப்பட்டு, எங்கும் கரையேறாமல் உலகைச் சுற்றி அங்கேயே திரும்ப வேண்டும். வழிகாட்ட ஜி.பி.எஸ். கிடையாது. சூரியனையும் விண்மீன்களையும் அளந்து இருப்பிடம் அறிய செக்ஸ்டன்ட் கருவியும் காகித வரைபடமும் மட்டுமே துணை.

இப்பந்தயத்துக்கும் இந்தியாவுக்கும் பழைய உறவு உண்டு. 1968-69-இல் நடந்த முதல் பந்தயத்தில் ஒன்பது பேர் புறப்பட்டனர். முடித்தவர் பிரிட்டனின் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான். 312 நாள்கள் அவரைச் சுமந்த 32 அடி "சுஹைலி", மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு. அதே வடிவில் கோவாவில் கட்டப்பட்டதுதான் துரியா.

இந்தியர்களைத் தனியே கடலுக்கு அனுப்பும் எண்ணம், 1971 போரில் வீர் சக்கரம் பெற்ற வைஸ் அட்மிரல் மனோகர் அவதியுடையது. கோவாவில் உருவான "மாதேய்" படகில், நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, 2010 மே மாதம் உலகை வலம்வந்து முடித்தார் கமாண்டர் திலீப் தோந்தே. கர்நாடகமும் கோவாவும் தண்ணீருக்காக வழக்காடும் மகதாயி நதியின் பெயர்தான் அப்படகுக்கு. அதே படகில் 2012 நவம்பர் 1-இல் மும்பையிலிருந்து கிளம்பிய டோமி, எங்கும் நிற்காமல் 2013 மார்ச் 31-இல் திரும்பினார். தனியாக, இடைநில்லாமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவரே. அதற்காகக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பட்டது.

விபத்துக்குப் பின் அவரது முதுகெலும்பில் டைட்டானியம் பொருத்தப்பட்டது. மீட்பு நடந்த சில வாரங்களில் அவதி காலமானார். 2021-இல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற டோமி, 2022 செப்டம்பர் 4-இல் மீண்டும் அதே பந்தயத்தில் இறங்கினார். புறப்பட்ட 16 பேரில் இடையில் எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் மூவர். வென்றவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். இவ்வகைப் பந்தயத்தை வென்ற முதல் பெண். வழியில், மூழ்கிய படகிலிருந்து தப்பிய பின்லாந்து வீரரையும் காப்பாற்றியவர் அவர். இரண்டு நாள் இடைவெளியில், 2023 ஏப்ரல் 29-இல், இரண்டாவதாகக் கரை சேர்ந்தார் டோமி.

ஆனால், அவர் வந்த படகு தாங்கி நின்றது "பயனாத்" என்னும் அபுதாபி நிறுவனத்தின் பெயரை. சீருடையில் இருந்தவரை கடற்படையின் ஆதரவு இருந்தது. அதைக் கழற்றிய பின் கைகொடுத்தது அயல்நாட்டுப் பணம். கிரிக்கெட் அணிகளை வாங்கப் போட்டியிடும் இந்தியப் பெருநிறுவனங்களின் பெயர் அந்தப் பாயில் இல்லை. பாதுகாப்புத் துறை மானியக் கோரிக்கை விவாதங்களில் விமானந்தாங்கிக் கப்பலுக்குக் கிடைக்கும் நேரத்தில் சிறு பகுதிகூடப் பாய்மரப் படகுக்குக் கிடைப்பதில்லை.

கடற்படை மட்டும் இம்முயற்சியைக் கைவிடவில்லை. 2017-18-இல் ஆறு பெண் அதிகாரிகள் "தாரிணி" படகில் உலகைச் சுற்றினர். அதே படகில் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் இருவர் மட்டுமாக 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025 மே 29-இல் மர்மகோவா துறைமுகம் திரும்பினர். வரவேற்கப் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் வந்திருந்தார்.