நியூட்ரான் திருடர்கள்

ஹைதராபாத்தின் சனத்நகரிலிருந்து மௌலாலிக்கு 22 கிலோமீட்டர் ரயில் பாதை ஒன்று பிரிகிறது. சரக்கு வண்டிகளே ஓடிக்கொண்டிருந்த அந்தத் தடம் இரட்டைப் பாதையாகி, 2024 மார்ச்சில் எம்.எம்.டி.எஸ். பயணிகள் ரயிலும் வந்துவிட்டது. அதன் மறுமுனையில், மௌலாலிப் பக்கம், 1971இல் தொடங்கிய அணு எரிபொருள் வளாகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அணுகுண்டு செய்யக் கிளம்பியவர்களின் தூக்கத்தைக் கெடுத்த ஒரு வேலை இங்கே அன்றாடத் தொழில்: சுத்தப்படுத்துவது.

அணுகுண்டு என்றதும் மேதைகளும் சமன்பாடுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. சினிமாவும் அதைத்தான் காட்டும். ஆனால் கரும்பலகைப் பாடம் 1939லேயே பல நாட்டு இயற்பியலாளர்களுக்குத் தெரியும். யுரேனியம்-235 அணு பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளியே வரும்; அவற்றில் ஒன்றாவது இன்னோர் அணுவைப் பிளந்தால் தொடர்வினை நிற்காது. மாதச் சம்பளக்காரர் வீட்டுக் கணக்கு மாதிரிதான் இதுவும். சில்லறைச் செலவு கொஞ்சம் கூடினாலும் கடைசி வாரம் கையைக் கடிக்கும்; வழியில் வீணாகும் நியூட்ரான் கூடினால் தொடர்வினை நின்றுபோகும். அதிலும் இயற்கை யுரேனியத்தில் இந்த 235 வகை வெறும் 0.7 சதவீதம்.

நியூட்ரானின் வேகத்தைக் குறைத்தால் பிளவு எளிதாகும். அதற்குக் கிராஃபைட் உதவும். கடைச்சரக்குக் கிராஃபைட்டில் துளியூண்டு போரான் ஒட்டிக்கொண்டிருக்கும். நியூட்ரானைக் கண்டால் அது விடாது. ஹங்கேரியரான லியோ சிலார்ட் இதை மோப்பம் பிடித்து, போரான் இல்லாத கிராஃபைட் வேண்டுமென்று அமெரிக்கத் தயாரிப்பாளர்களைத் துளைத்தெடுத்தார். ஜெர்மனியிலோ 1941இல் வால்தர் போதே அளந்து பார்த்தபோது கணக்கு கட்டுப்படியாகவில்லை. சரக்கில் இருந்த அழுக்குதான் காரணம் என்பார்கள். அதனால் ஜெர்மானியர்கள், நியூட்ரானின் வேகத்தைக் குறைக்க நார்வேயின் கனநீரை நம்பிப் போனார்கள்.

1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில், விளையாட்டு அரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியில், இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு சுமார் 350 டன் கிராஃபைட்டை யுரேனியத்தோடு அடுக்கி முதல் தொடர்வினையை நடத்திக் காட்டியது. கிடைத்த ஆற்றல் அரை வாட். அதே தத்துவத்தில் அமெரிக்காவின் ஹேன்ஃபோர்டில் எழுந்த பெரிய உலைகள்தான் நாகசாகிக் குண்டுக்கான ஆறு கிலோ புளுட்டோனியத்தைத் தந்தன.

மௌலாலியில் நியூட்ரான் திருடன் வேறு. யுரேனிய வில்லைகளை அடைக்கும் குழாய்க்கு சிர்கோனியம் தேவை. நியூட்ரானை அது அநேகமாகத் தொடுவதே இல்லை. கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கானிலிருந்துதான் அதை எடுக்கிறார்கள். நம் மணவாளக்குறிச்சி மணலிலும் சிர்கான் உண்டு. ஆனால் சிர்கோனியத்தோடு ஹாஃப்னியம் என்ற உடன்பிறப்பு இரண்டு சதவீத அளவில் எப்போதும் ஒட்டியே வரும். வேதிக் குணத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நியூட்ரானை விழுங்குவதில் மட்டும் ஹாஃப்னியம் 500 மடங்குக்கும் மேல். நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மண்ணெண்ணெய் வகைத் திரவத்தில் கலந்த ஒரு பாஸ்பேட் சேர்மத்தோடு குலுக்கினால், சிர்கோனியம் எண்ணெய்ப் பக்கம் சாயும். ஹாஃப்னியம் அமிலத்திலேயே தங்கும். படிப்படியாக இதைத் திரும்பத் திரும்பச் செய்து, பத்து லட்சத்தில் நூறு பங்குக்குள் அதை அடக்குகிறார்கள். பிறகு கலப்புலோகமாக்கி, அரை மில்லிமீட்டர்கூடத் தடிக்காத சுவருள்ள குழாயாக இழுக்கிறார்கள். 2009 முதல் தூத்துக்குடி மாவட்டப் பழையகாயலிலும் இந்த வளாகத்தின் சிர்கோனியம் ஆலை இருக்கிறது.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த எரிபொருள் மின்சாரத்துக்கானது; அது குண்டாக வெடிக்காது. ஆனால் உலையில் எரிந்து வெளியே வரும்போது அதற்குள்ளும் கொஞ்சம் புளுட்டோனியம் உருவாகியிருக்கும். வெளிநாட்டு யுரேனியத்தைக் கையாளும் பிரிவுகளில் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வந்து கணக்குப் பார்ப்பது அதனால்தான்.