மலைநாட்டு ஒப்பாரி

மகிழ்ச்சிக்குச் சிரிப்பே போதும். துயரத்திற்கோ சொல் வேண்டும். சொல்லி அழுதாலன்றி நெஞ்சின் சுமை இறங்குவதில்லை. அதனாலேயே உலகத்துப் பழங்குடிகள் பலவும் இழவு வீட்டிற்கெனத் தனிச் சொற்களையும் தனிப் பாடல்களையும் வகுத்துக்கொண்டன.

தமிழர்க்கு இஃது புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையையும் ஒன்றாக வைத்து, அது தோன்றுதற்குரிய காரணங்கள் நான்கு என வகுத்தார். பிறரால் இகழப்படுதல், உடையதை இழத்தல், முன்னைய நிலையினின்று தளர்தல், வறுமையுறுதல் என்பன அவை. தலைவன் மாண்டபோது செயலற்று நின்று இரங்கிப் பாடுவதனைப் புலவர்கள் 'கையறுநிலை' என்றனர். தந்தையையும் பறம்பு மலையையும் ஒருங்கே இழந்த பாரி மகளிர் பாடிய செய்யுள் புறநானூற்றில் அத்துறைக்குச் சான்றாக விளங்குகின்றது.

புலவர் ஏட்டில் கையறுநிலையாக நின்றது, ஊர்ப் பெண்டிர் நாவில் ஒப்பாரியாக வழங்கிற்று. இறந்தவரைப் பொன்னுக்கும் மணிக்கும் ஒப்பிட்டுச் சொல்லி அழுதலின் அப்பெயர் பெற்றது என்பர். பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் தழுவிக்கொண்டு, ஒருத்தி அடியெடுக்க ஏனையோர் சேர்ந்து அழுவர். தாய்க்கு ஒரு பாட்டு, கணவனுக்கு ஒரு பாட்டு, உடன்பிறந்தானுக்கு ஒரு பாட்டு என முறைக்கேற்பப் பாட்டும் வேறுபடும். 'பிலாக்கணம்', 'மாரடித்தல்' என்னும் சொற்களும் இதனைச் சார்ந்தனவே.

இவ்வொப்பாரி மலைநாட்டிற்கு எவ்வாறு வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கங்காணிமாரின் பின்னே புறப்பட்டனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்தனர். காய்ச்சலும் பேதியும் வழியிலேயே பலரைக் கொண்டன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் மேலும் பலரை இவ்வழியே துரத்திற்று. அவர்கள் கொணர்ந்த மூட்டை சிறியது. ஆனால் தாலாட்டும், தெம்மாங்கும், ஒப்பாரியும் சுமையாவதில்லை அன்றோ!

லயத்து வாழ்வில் ஒப்பாரிக்கு ஒரு புதிய பொறுப்பு ஏற்பட்டது. தோட்டத்துக் கணக்கேட்டில் கொழுந்தின் நிறையும் பெயர்ச் சம்பளமும் எழுதப்பட்டன. மாண்டவள் எந்த ஊரிற் பிறந்தாள், யாருடன் வந்தாள், என்ன பாடுபட்டாள் என்பது எழுதப்படவில்லை. அதனைச் சொல்லியது தப்பு முழக்கத்தினிடையே எழுந்த பெண்குரலே. மலைநாட்டுக் கவிஞரும், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவருமான சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), தேயிலைச் செடியின் கீழே கல்லறையுமின்றி உறங்கும் முன்னோரைத் தம் கவிதையில் நினைவுகூர்ந்தார். வாய்வழிப் பாடல்களைத் தேடித் திரட்டி, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாகத் தந்தவரும் அவரே.

இனி, அதே மலையில் பங்களாவில் வாழ்ந்தவர்களை நோக்குவோம். துரைமாருட் பலர் ஸ்கொட்லாந்து நாட்டினர். அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ, வேவர்லி, தலவாக்கலையில் ஹோலிரூட், நானுஓயாவில் எடின்பரோ, டிக்கோயாவில் டன்கெல்ட் என்று தம் நாட்டை நினைவூட்டும் பெயர்களையே தோட்டங்களுக்குச் சூட்டினர். ஊர்ப்பிரிவின் ஏக்கம் அவர்களையும் விட்டதில்லை போலும். 1852இல் பதினாறு வயதில் வந்த ஜேம்ஸ் டெயிலர், 1867இல் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தேயிலை நட்டவர். 1892இல் இங்கேயே மாண்டார். அவர் உடலை 24 பேர் இரு அணியாக மாறி மாறிச் சுமந்து கண்டி மகாய்யாவ மயானத்திற்குக் கொண்டுசென்றனர் என்பது வரலாறு.

அந்த ஸ்கொட்லாந்தின் வடமலைகளிலும் ஓர் ஒப்பாரி உண்டு. கேலிக் மொழியில் அதன் பெயர் 'கொரனாக்'. அச்சொல்லின் பொருள் 'கூடி அழுதல்' என்பதே! பிணத்தின் பின்னே சென்ற பெண்கள் அதனைப் பாடினர். வேவர்லி நாவலை எழுதிய வால்டர் ஸ்கொட், 1810இல் வெளியிட்ட தம் காவியத்துள் 'கொரனாக்' என்னும் பெயரிலேயே ஓர் இரங்கற்பாவை அமைத்தார். பிரிவின் துயரத்திற்கும் இறந்தார்க்கு இரங்குதற்கும் 'கூவா' என ஒரே சொல் அம்மொழியில் உண்டு.

அயர்லாந்தில் இதனைக் 'கீனிங்' என்பர். 'அழு' என்னும் பொருளுடைய ஐரிஷ் சொல்லிலிருந்து ஆங்கிலம் பெற்றது அது. 'ஓக்கோன்' என்பது நம் 'ஐயோ' போன்ற அரற்றல். 1773இல் கணவன் ஆர்ட் ஓலியரி சுட்டுக் கொல்லப்பட்டபோது மனைவி எய்லீன் பாடிய புலம்பல் அந்நாட்டு இலக்கியத்திற் பெரும்புகழ் பெற்றது. கொன்றோரைப் பழித்தும், கொண்டவனைப் புகழ்ந்தும் அழும் அம்முறை நம் பாட்டிமார்க்கு அந்நியமாகத் தோன்றாது.

அயர்லாந்திலும் 1845இல் ஒரு பெரும்பஞ்சம் தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் கடல் கடந்தனர். புறப்படுவோரின் வீட்டில் அதற்கு முந்திய இரவு, பிணத்தருகே விழித்திருப்பது போல் ஊரார் கூடி விழித்திருப்பர். விடிந்ததும் தாய்மார் ஒப்பாரி வைப்பர். இதற்கு 'அமெரிக்க இழவு' என்று பெயர். உயிரோடு இருப்பவர்க்கு ஏன் இழவு? இனிக் காணப்போவதில்லை என்பதனாலே.

இதே கொடுமை மலைநாட்டிற்கும் வந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க இசைந்தன. ஒரு காம்பராவில் பிறந்த அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைப் பிரசாவுரிமை என்றாயிற்று. அட்டனிலிருந்தும் நானுஓயாவிலிருந்தும் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்தின் சன்னல்களைப் பற்றிக்கொண்டு மக்கள் கதறினர். அப்புகையிரதத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றிற்கு இப்பெயரையே சூட்டினார்.

அகராதியை எழுதியோர் ஆக்கிய சொல்லன்று அது. படிப்பறிவில்லாத தாய்மார் வாயிற் பிறந்தது. தொல்காப்பியர் கூறிய காரணங்கள் நான்கும் அதனுள் அடங்கியிருக்கின்றன: நாடற்றவர் என்னும் இகழ்ச்சி, உறவின் இழப்பு, வேரற்ற தளர்ச்சி, என்றும் நீங்காத வறுமை. இரண்டே சொற்களில் ஒரு மக்களின் வரலாறு முழுவதும் நிற்கின்றது.

இன்று ஒப்பாரி மெலிந்து வருகின்றது. இழவு வீட்டில் ஒலிபெருக்கி பாடுகின்றது. சொல்லி அழுதலை இளம்பெண்கள் நாணுகின்றனர். அயர்லாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. திருச்சபையினர் கண்டித்தனர், கற்றோர் நாகரிகமன்று என்றனர், பாட்டு ஒடுங்கிற்று. 1951இல் அமெரிக்கரான ஆலன் லோமாக்ஸ் டொனெகல் பகுதியில் ஒரு பெண்மணியின் குரலிற் பதிவுசெய்த சில அடிகளை அந்நாட்டார் இன்று அருஞ்செல்வமாகப் போற்றுகின்றனர்.

நமக்கோ இன்னும் காலம் முற்றும் கடந்துவிடவில்லை. லயங்களில் ஒப்பாரி அறிந்த மூதாட்டியர் இருக்கின்றனர். பேரனின் கையில் தொலைபேசி இருக்கின்றது. அதிலே குரலைப் பதியலாம். பாட்டியின் அருகில் அமர்ந்து, எந்தப் பாட்டு யாருக்காகப் பாடப்பட்டது, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது பேரப்பிள்ளைகளின் கடமையாகும். கணக்கேடு மறந்த பெயர்கள் பல அப்பாட்டுகளில்தான் உள்ளன.