பேர் ஒருத்தருக்கு, பேனா இன்னொருத்தருக்கு!

டெரெக் ஜீட்டர் என்று ஓர் அமெரிக்க பேஸ்பால்காரர். நியூயார்க் யாங்கீஸுக்காக 20 சீசன் ஆடியவர். நிருபர்கள் மைக்கை நீட்டினால் மனுஷன் வாயிலிருந்து உருப்படியாக ஒரு வார்த்தை பெயராது என்று பெயர் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் 2014-ல் ஓய்வு பெற்ற கையோடு என்ன ஆரம்பித்தார் தெரியுமோ? பத்திரிகை! 'தி பிளேயர்ஸ் ட்ரிப்யூன்' என்று இணையத்தில். ஆட்டக்காரர்களே எழுதுவார்கள், நடுவில் நிருபர் என்ற தரகர் கிடையாது என்று அறிவிப்பு.

எழுதுவார்கள் என்றா சொன்னேன்? பெரும்பாலும் நடப்பது இது: ஓர் எடிட்டர் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். பதிவு செய்ததை வெட்டி ஒட்டி, ஆட்டக்காரர் பேசுகிற தோரணை மாறாமல் கட்டுரையாக்குவார். அவர் படித்துத் தலையாட்டினால் வெளியாகும். மேலே ஆட்டக்காரர் பெயர். எடிட்டர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

புதுசு இல்லை ஸார். 1921-லேயே கிறிஸ்டி வால்ஷ் என்ற கெட்டிக்காரர் பேப் ரூத்தின் பெயரில் பத்தி எழுத ஆள் வைத்துப் பத்திரிகைகளுக்கு விற்றார். டென்னிஸ் அகாஸியின் 'ஓப்பன்' (2009) புத்தகத்தை எழுதிய மோரிங்கர், அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டார்.

வியாசர் சொல்ல, பிள்ளையார் எழுதினார். அதை ஊரறியச் சொல்லிவிட்டார்கள், ஒரு வம்பும் இல்லை. 2014 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாண்டுக்கே திரும்புகிறேன் என்று ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டடில் அறிவித்தபோதும் அந்த மரியாதை இருந்தது. லெப்ரான் சொல்ல, லீ ஜென்கின்ஸ் எழுதியது என்று இரண்டு பெயரும் போட்டார்கள். மூன்றே மாதத்தில் வந்த ஜீட்டர் பத்திரிகையில் பிள்ளையாரைக் காணோம்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது. 2018 உலகக் கோப்பை சமயத்தில் பெல்ஜியத்தின் ரொமேலு லுகாகு பெயரில் ஒன்று வந்தது. ஆறு வயசுப் பையன் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிறான். தினமும் ரொட்டியும் பாலும்தான். அன்றைக்கு அம்மா பாலில் என்னவோ கலக்குகிறாள். தண்ணீர்! வீட்டில் காசில்லை என்று பையனுக்கு அந்த நிமிஷம் புரிந்துவிடுகிறது. மேட்ச் முடிந்து வியர்வையோடு நிற்கிறவரிடம், 'இன்றைக்கு எப்படி ஃபீல் பண்ணுகிறீர்கள்?' என்று ஆயிரம் தடவை கேட்டாலும் இது வராது. யாரோ ஒருத்தர் அவசரப்படாமல் உட்கார்ந்து காது கொடுத்திருக்கிறார். அந்த மகானுபாவர் யார் என்றுதான் எனக்கு ஆதங்கம்.

இன்னொரு பக்கம் கெவின் டுரான்ட். 2016 மே மாதம் அவருடைய ஓக்லஹோமா அணி, கோல்டன் ஸ்டேட்டுடன் 3-1 என்று முன்னணியில் இருந்துவிட்டு 4-3 என்று தோற்றது. ஜூலை 4-ம் தேதி, தோற்கடித்த அந்த அணிக்கே போகிறேன் என்று ஜீட்டர் பத்திரிகையில் சின்னதாக ஒரு கட்டுரை. மனுஷனாக வளரவேண்டும், சௌகரியத்தை விட்டு வெளியே வரவேண்டும் என்கிற ரீதியில். சரி, ஜெயித்தவர்களோடு போய்ச் சேருவதில் என்னய்யா அசௌகரியம்? கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்ட உள்ளூர் நிருபர்கூட இதைக் கேட்டிருப்பார். கட்டுரைக்குள் கேட்க ஆளில்லை. எழுதிக் கொடுக்கிறவர் கேட்டாலும், பிடிக்காத பதிலை அடித்துவிடும் உரிமை ஆட்டக்காரரிடம்தானே இருக்கிறது!

அடுத்த வருஷம் டுரான்ட் ட்விட்டரில் ஒரு ரசிகருக்குப் பதில் சொன்னார். பழைய கோச்சும் டீமும் 'அவருக்கு'ப் பிடிக்கவில்லை என்று, யாரோ மூன்றாம் மனிதர் மாதிரி. வேறு பெயரில் போடவேண்டியதைச் சொந்தப் பெயரிலேயே போட்டு மாட்டிக்கொண்டு, பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். எடிட்டர் தொடாத அந்த ரெண்டு வரிதான் எனக்கென்னவோ ஒரிஜினலாகப் பட்டது.

லெப்ரானுக்கு எழுதியவர் பெயரையும் போட்டதே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட், அதன் இணையதளத்தில் 2023 நவம்பரில் வேறொரு கூத்து அம்பலமானது. பிறக்கவே பிறக்காத ஆசாமிகளின் பெயரில் கட்டுரைகள், கம்ப்யூட்டர் வரைந்த சிரித்த முகப் படங்களோடு! வெளிக் கம்பெனி சப்ளை செய்தது என்று சொல்லி எல்லாவற்றையும் நீக்கினார்கள். அதில் ஒரு கட்டுரை வாலிபால் பற்றியது. பந்து இல்லாமல் வாலிபால் பழகுவது கொஞ்சம் சிரமம் என்று அதில் கண்டிருந்தது.