வைத்தியருக்கு முன்னும் பின்னும்

வைத்தியம் என்றவுடன் வைத்தியரே மனக்கண் முன் தோன்றுவார். காய்ச்சல் கண்டால் அவரிடம் செல்வதும், அவர் எழுதிக் கொடுத்த துண்டுடன் மருந்து கொடுக்குமிடத்தில் வரிசையாக நிற்பதுமே பெரும்பாலார் அறிந்த வைத்தியம். ஆயின், இலங்கைக் கிராமமொன்றில் மக்கள் நோயுறாதிருப்பதற்கும், நோயுற்றோர் தேறுவதற்கும் உழைப்போர் பலர். அவருட் சிலரின் தொழில் யாதென்பதே ஊராருக்குத் தெளிவாகத் தெரியாது. இவ்வறியாமையால் விளையும் கேடு சிறிதன்று.

இவர்களை ஓரமைப்பிற் சேர்த்தது 1926ஆம் ஆண்டு களுத்துறையில் நிறுவப்பட்ட முதலாவது சுகாதாரப் பகுதியாகும். வைத்தியசாலை நோயாளியை எதிர்பார்த்திருக்க, சுகாதாரப் பகுதியோ வீடுகளைத் தேடிச் சென்றது. இன்று நாடெங்கும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அம்முறையின் வளர்ச்சியே. இப்பணிமனையின் தலைவரும் வைத்தியரே. எனினும் நோயாளருக்கு மருந்தெழுதுதல் அவருடைய முதன்மையான வேலையன்று. ஒரு பிரதேசம் முழுவதன் சுகாதாரத்துக்கும் அவர் பொறுப்பாளி.

அவர் கீழ்ப் பணிபுரிவோருள் மக்களோடு மிக நெருங்கியவர் குடும்பநல உத்தியோகத்தர். ‘மிட்வைவ்’ என்று மக்கள் அழைப்பது இவரையே. பெயரைக் கேட்டு, பிரசவம் பார்ப்பவர் என்று மட்டும் கொள்ளுதல் பழைய கணக்கு. இக்காலத்திற் பிரசவங்கள் ஏறக்குறைய யாவும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. ஒன்றரை ஆண்டுப் பயிற்சி பெற்ற இவர், ஏறத்தாழ 3,000 முதல் 5,000 வரையான மக்கள் வாழும் பிரிவொன்றைத் தம் பொறுப்பிற் கொண்டுள்ளார். புதுமணத் தம்பதியரைப் பதிவதில் இவர் வேலை தொடங்குகிறது. கருவுற்றவளைப் பதிந்து கிளினிக்குக்கு அழைத்தல், அவள் நிறையைக் குறித்தல், இரும்புச்சத்து மாத்திரையையும் திரிபோஷாவையும் கொடுத்தல், பிறந்த குழந்தைக்கு ஊசி போடும் நாளை நினைவூட்டல் என அது நீளும்.

இவற்றுள் உயிர் காப்பது எது எனின், பெரும்பாலும் மிக எளிதாகத் தோன்றும் ஒரு செயலே. கருவுற்ற பெண்ணின் குருதியமுக்கம் உயர்ந்து, சிறுநீரிற் புரதம் காணப்படுமாயின், அது வலிப்பில் முடியக்கூடும். அப்பெண்ணோ தனக்கு ஒரு குறையுமில்லை என்றே இருப்பாள். நோவு இல்லாத நோய்க்கு வைத்தியரைத் தேடி யார் போவார்? கிளினிக்குக்கு வாராதவளின் வீட்டுப் படலையைத் திறந்து சென்று கேட்பவர் ஒருவர் வேண்டும். 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்தனர். 2010 முதல் 2020 வரையான ஆண்டுகளில் அத்தொகை ஏறத்தாழ 30 முதல் 40 வரையாகக் குறைந்தது. மலேரியாத் தடுப்பும், புதிய மருந்துகளும், பெண்கல்வியும் இதற்குத் துணை நின்றன என்பது மெய். எனினும் படலை திறந்து சென்றவரின் பங்கை அவற்றுக்குப் பின்னே வைத்தல் நீதியாகாது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் நிலை வேறு. அவர் வரும் செய்தி கேட்டதும் கடைக்காரர் பரபரப்படைவர்; வீட்டாரோ தண்ணீர் தேங்கிய சிரட்டைகளை அவசரமாகக் கவிழ்ப்பர். வழக்குத் தொடரும் அதிகாரம் அவருக்குண்டு. ஆதலின் மக்கள் அவரைத் தண்டனைக்காரராகவே காண்கின்றனர். அவருடைய பெரும்பணியோ எவரையும் தண்டிப்பதன்று. டெங்கு போன்ற நோயென ஐயுறும் வைத்தியர், அதனைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வறிவித்தலைக் கொண்டு நோயாளியின் வீடு தேடிச் செல்பவர் பரிசோதகரே. நுளம்பு பெருகுமிடம் எது, அயலில் வேறு யாருக்கேனும் காய்ச்சல் உண்டா என்று அவர் விசாரிப்பார். 2017ஆம் ஆண்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். ஒரு வீட்டார் காய்ச்சலை மறைப்பின், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அது வருமுன் தடுக்கும் வாய்ப்பு நழுவிவிடுகிறது.

பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரியும், குடும்பநல உத்தியோகத்தரின் வேலையை மேற்பார்வை செய்வோரும் இப்பணிமனையைச் சேர்ந்தவர்களே. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்க, மகரகமையிற் பயிற்சி பெற்ற பற்சிகிச்சையாளர் உளர்.

இனி, ஊர் மருந்தகத்தின் பக்கம் நோக்கினால், முன்னாளில் அங்கே அரசு புரிந்தவர் அப்போதிக்கரி. பட்டம் பெற்ற வைத்தியர் எட்டிப் பாராத ஊர்களில், காய்ச்சலுக்கும் காயத்துக்கும் அவரே கதியாயிருந்தார். அவருக்கான பயிற்சி பின்னர் நிறுத்தப்பட்டது. இக்காலத்தில் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் பெருகிவிட்டமையால், மாதந்தோறும் வருவோரின் கூட்டமே அங்கு மிகுதி. அத்தகையோருக்கு, மாத்திரையை உணவுக்கு முன்னா பின்னா உட்கொள்வதென்று விளக்கும் மருந்துக் கலவையாளரும், புண் ஆறாத காலைக் கண்டு எச்சரிக்கும் தாதியும் வைத்தியருக்குக் குறையாத பயனுடையோர். இவர்களை விடுத்து, சிறு நோய்க்கும் நகரத்துப் பெரியாசுபத்திரிக்கே விரைவோர் பலர். அங்கே ஒவ்வொரு முறையும் புதிய முகம். பழைய வரலாற்றை அறிந்தார் இலர்.

வீட்டைத் தேடி வரும் இவ்வமைப்பிலும் இடைவெளி ஒன்றுண்டு. பிரசவித்தவளை முதற் பத்து நாட்களுக்குள் வீட்டில் இருமுறை சென்று பார்த்தல் குடும்பநல உத்தியோகத்தரின் கடமை. காய்ச்சல், மிகுந்த குருதிப்போக்கு, குழந்தை பால் குடியாமை ஆகியன வெளிப்படும் காலம் அதுவே. ஆனால் நம் வழக்கப்படி அவள் பிள்ளையுடன் தாய்வீட்டுக்குப் போயிருப்பாள். பதிவு ஒரு பிரிவில், ஆள் வேறொரு பிரிவில். எந்த வீட்டில் எத்தனை நாள் இருப்பாளென்று, பிரசவத்துக்கு முன்பே இரு பிரிவுகளின் உத்தியோகத்தருக்கும் வீட்டார் அறிவித்துவிட்டால், அந்தப் பத்து நாட்களும் பார்ப்பாரின்றிக் கழியமாட்டா.