ஆவுளியாவுக்கு ஒரு பேரேடு!

"மாப்ள, விஷயம் தெரியுமா? நம்ம மாவட்டத்துக் கடல்ல திமிங்கலத்துக்குன்னு தனியா 448 சதுர கிலோமீட்டர் பட்டா போட்டுக் குடுத்திருக்காங்களாம்!"

கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாப் டீக்கடையில் என் நண்பன் இப்படி ஆரம்பித்தான். மனை புரோக்கர். எதையும் சதுர அடியில்தான் யோசிப்பான். 448 சதுர கிலோமீட்டர் என்றதும் அவனுக்கு வந்த கவலை, 'அதுல ஒரு ஓரத்துல நமக்கு ஏதாச்சும் கமிஷன் தேறுமா' என்பதுதான்.

"திமிங்கலம் இல்லடா. கடல் பசு" என்றேன்.

"பசுவா? அப்ப பாலை ஆவின்ல ஊத்துவாங்களா?"

"கறக்க நீ போறியா?"

டீ மாஸ்டர் சிரித்ததில் எனக்கு வரவேண்டிய பாதி டீ கீழே போனது.

நண்பன் விடவில்லை. "சரி, அது கிடக்கட்டும். திமிங்கல வாந்தின்னு சொல்றாங்களே, கிலோ கோடிக்கணக்குல போகுதாமே?" என்று காதோரம் வந்தான். இந்தியாவில் அதை வைத்திருந்தாலே வனத்துறை வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்று சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. திமிங்கலத்தைப் பொறுத்தவரை நம் இந்துமகா சமுத்திரம் 1979-லேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். சர்வதேச திமிங்கல வேட்டைக் கமிஷனில் இந்தியா உறுப்பினரானது 1981-ல். திமிங்கலத்துக்கு உலகம் பூராவும் வக்கீல்கள் உண்டு, ஸார். நம் கடல் பசுவுக்குத்தான் வாய்தா மேல் வாய்தா.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் மாவட்டத்தின் கிழக்கே போனால் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக் விரிகுடா வரிசையாக இருக்கிறது. அங்கேதான் இந்த ஆசாமி வாசம். கடற்கரையில் இதற்குப் பெயர் ஆவுளியா. மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ எடை. மீன் அல்ல, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஜாதி. சொந்தக்காரர் யார் தெரியுமா? திமிங்கலம் இல்லை. யானை! பார்ப்பதற்கு மீசை முளைத்த சாக்கு மூட்டை மாதிரி இருக்கும். இதைத் தூரத்தில் பார்த்துவிட்டுத்தான் அந்தக் காலத்து மாலுமிகள் 'கடல் கன்னி' என்று கதை கட்டினார்களாம். பாவம், எத்தனை மாதம் வீட்டைப் பிரிந்திருந்தார்களோ!

இவ்வளவு விவரமாகச் சொல்கிற நான் ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நான் அதைச் சாப்பிட்டிருக்கிறேன்.

1999 பொங்கல். நான் பள்ளிக்கூடத்துப் பையன். மணமேல்குடி பக்கத்துக் கடற்கரை ஊரில் கருவாட்டு வியாபாரம் பார்த்த என் மாமா (அம்மாவின் அண்ணன்), ஒரு தூக்குவாளி நிறையக் கறி கொண்டு வந்தார். "என்ன கறிண்ணே?" என்று அம்மா கேட்டதற்கு, "தின்னுட்டுச் சொல்லு" என்றார். ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் நடுவில் ஒரு ருசி. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் மாமா பெயரைச் சொன்னார்.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அதன் முதல் அட்டவணையில் புலி, யானையோடு சரிசமமாக உட்கார்ந்திருப்பது இந்த ஆவுளியா. அதாவது எங்கள் வீட்டுப் பொங்கல் அன்று சட்டப்படி பார்த்தால் நாங்கள் தின்றது புலிக்கறிக்குச் சமம்! இன்றைய தேதியில் முதல் அட்டவணைப் பிராணியை வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். அபராதம் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய். 2022 திருத்தத்துக்கு முன்பு இது 10 ஆயிரமாக இருந்தது. அந்தத் திருத்தத்தில் ஆறு அட்டவணைகளை நாலாகச் சுருக்கினார்கள். பல பிராணிகள் இடம் மாறின. ஆவுளியா மட்டும் முதல் அட்டவணையிலேயே அசையாமல் இருந்தது.

உலக அளவில் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை 'அழிவுக்கு ஆளாகக்கூடியது' என்ற படியில் வைத்திருக்கிறது. அதற்கு மேல் 'ஆபத்து', 'கடும் ஆபத்து' என்று இன்னும் இரண்டு படிகள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ளவை 2022-ல் அந்தக் கடைசிப் படிக்கே போய்விட்டன. சீனக் கடலில் இனி இந்த இனம் தழைக்க வழியில்லை என்று அதே வருஷம் ஆராய்ச்சியாளர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

ஜெயில், அபராதம், முதல் அட்டவணை... இத்தனையும் 1972-லிருந்து கையில் இருந்தும் ஆவுளியா ஏன் குறைந்துகொண்டே போனது? நான் வக்கீல் இல்லை, வெறும் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே வழி, பேரேட்டைப் பிரிப்பதுதான்.

ஆரம்ப இருப்பு: அரசாங்கம் 2022-ல் சொன்ன கணக்குப்படி இந்தியா முழுக்கச் சுமார் 240. பெரும்பகுதி நம் தமிழ்நாட்டுக் கரையில்.

வரவு: ஒரு பெண் ஆவுளியா முதல் குட்டி போடவே ஆறு வயதாக வேண்டும். பத்து, பதினைந்து கூட ஆகலாம். வயிற்றில் சுமப்பது 13, 14 மாதம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டி. அடுத்தது மூன்றிலிருந்து ஏழு வருஷம் கழித்து. ஆயுசு என்னவோ எழுபது வருஷம். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டில் நம்மையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எல்லாம் நல்லபடியாக இருந்தாலே இந்த இனம் வருஷத்துக்கு 5 சதவீதம்தான் பெருகும். 240-க்கு 5 சதவீதம், பன்னிரண்டு.

செலவு: இங்கேதான் இடிக்கிறது. வருஷத்தில் பன்னிரண்டு ஆவுளியா வலையிலோ, படகு விசிறியிலோ செத்தால் வட்டி பூராவும் காலி. பதிமூன்றாவது செத்தால் முதலில் கை வைக்கிறோம். மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

முதல் கரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. வட பசிபிக் கடலில் இதன் பெரியப்பா முறையில் ஒரு கடல் பசு இருந்தது. 1741-ல் ஸ்டெல்லர் என்கிற இயற்கை ஆராய்ச்சியாளர் அதைப் பார்த்து எழுதி வைத்தார். 1768-க்குள் ஒன்று கூட பாக்கி இல்லை. கண்டுபிடித்து 27 வருஷத்தில் தின்றே தீர்த்துவிட்டார்கள்!

நம் சட்டத்தில் இருந்த ஓட்டை இதுதான். ஆவுளியாவைக் கொல்லாதே என்றது சட்டம். அது மேயும் இடத்தைப் பற்றி நம் பக்கத்துக் கடலில் யாரும் பேசவில்லை. ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ கடல் புல் தின்னும். வேறு மெனு கிடையாது. புல் இருப்பது ஆழம் குறைந்த கரையோரத்தில். விசைப்படகின் இழுவை மடி அடியை வாரிக்கொண்டு போனால் புல்லும் போகிறது. தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-லேயே தேசியப் பூங்கா வந்துவிட்டது. வடக்கே பாக் விரிகுடாவில் பல்லாயிரம் ஏக்கருக்குப் புல் இருந்தும் பெயர்ப் பலகை இல்லை.

2022 செப்டம்பரில்தான் அது வந்தது. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்துக் கடலிலும் சேர்த்து 448 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகம். 2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டிலும் இதற்கு அங்கீகாரம் கிடைத்தது. 1972-க்கும் 2022-க்கும் நடுவே ஐம்பது வருஷம். ஆளுக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டு, அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பாதுகாப்பு கொடுக்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இதெல்லாம் படித்துவிட்டு, போன மாதம் மாமாவைப் பார்க்கக் கிளம்பினேன். புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று பஸ் மாறி, இடுப்பு ஒடிந்து போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மாமாவுக்கு வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. வியாபாரத்தை விட்டாயிற்று. திண்ணையில் அவருடைய சேக்காளி ஒருவர், நாட்டுப்படகுக்காரர், வலை பின்னிக்கொண்டிருந்தார்.

என் பேரேட்டை அவரிடம் விரித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, இப்பல்லாம் யாரும் அதைத் தேடிப் போயி புடிக்கிறதில்ல. திருக்கை வலை போட்டுட்டு வருவோம். ராத்திரி அது வந்து சுத்திக்கும். மூச்சு வாங்க மேல வரணும்ல? அஞ்சாறு நிமிசம் தாங்கும். அதுக்கு மேல முடியாது. விடிஞ்சு போய்ப் பார்த்தா செத்துக் கெடக்கும்."

"உயிரோட இருந்தா?"

"அறுத்து விட்டுருவோம். வலை போயிரும். ஆயிரக்கணக்குல காசு. அதை யாரு குடுப்பா?"

வலையை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்துப் பாராட்டுகிறது. தகவல் சொல்லும் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்திய வன உயிரின நிறுவனம் உதவித்தொகை கொடுத்திருக்கிறது. அதைச் சொன்னேன். தெரியும் என்றார். ஆனால் அவர் பயம் வேறே.

"இன்னிக்குப் பாதுகாப்பகம்பாங்க. நாளைக்கு உள்ள வராதேம்பாங்க. ராமநாதபுரம் பக்கம் தீவுல கால் வைக்க முடியலியே, தம்பி?"

நியாயமான கேள்வி. சட்டப் புத்தகத்தைப் பார்த்த தெம்பில் பதில் சொன்னேன். அது தேசியப் பூங்கா. இது 2002 திருத்தத்தில் வந்த 36-ஏ பிரிவு. உள்ளூர் மக்களைக் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும். மீன்பிடிக்கிற உரிமையை இது பறிப்பதில்லை. வெடி, விஷம் மாதிரி சமாசாரங்கள் கூடாது, அவ்வளவே. நிர்வாகக் கமிட்டியில் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒரு ஆள் உண்டு.

"கமிட்டியில வேற யாரு?"

இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் சங்கடம். 2002-ல் எழுதிய வாசகப்படி வனத்துறை, பஞ்சாயத்துகள், தொண்டு நிறுவனங்கள் மூன்று, அப்புறம்... வேளாண்மைத் துறை, கால்நடைத் துறை. காட்டை மனதில் வைத்து எழுதிய பிரிவு. மீன்வளத் துறை என்கிற பெயரே அந்த வரியில் கிடையாது.

பெரியவர் வலை பின்னுவதை நிறுத்திவிட்டார். "கால்நடையா? பசுன்னு பேரு வச்சதால இருக்கும்" என்றாரே பார்க்கலாம்! டீக்கடை நண்பன் எவ்வளவோ பரவாயில்லை.

சிரித்தாலும் விஷயம் சின்னதில்லை. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுவை மடி போடக் கூடாது என்பது 1983-ல் வந்த மாநில மீன்பிடிச் சட்டம். புல்லைக் காப்பாற்றப் போவது நடைமுறையில் அதுதான். அதைப் பார்க்க வேண்டியது மீன்வளத் துறை. ஆவுளியாவைப் பார்ப்பது வனத்துறை. புல் ஒருவர் கையில், பசு இன்னொருவர் கையில். பெரியவரின் வலைச் செலவு யார் கையிலும் இல்லை. பாதுகாப்பகம் பலிக்க வேண்டுமானால் முதலில் அந்த நஷ்டத்துக்கு ஒரு தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது இந்த பி.காம்.மின் அபிப்பிராயம். பரிசு என்பது எப்போதாவது கிடைப்பது. நஷ்ட ஈடு என்றால் கணக்கில் ஏறும்.

சேக்காளி போன பிறகு மாமாவிடம் மெதுவாக 1999 தூக்குவாளியை ஞாபகப்படுத்தினேன். அவர் வெற்றிலையை மடித்தபடி கடல் பக்கம் பார்த்தார்.

"அது கடைசி, மாப்ளே. அதுக்கப்புறம் நான் வாங்கவே இல்ல."

"ஏன் மாமா?"

"அடுத்த வருசம் ஒண்ணை உசிரோட கரைக்கு இழுத்தாந்தானுங்க. பக்கத்துல நின்னேன். கண்ணுல தண்ணி வடியுது. பெருமூச்சு விடுது, மனுசன் மாதிரியே."

அது அழுகையில்லை, கண்ணைக் காக்கச் சுரக்கும் பசை என்று புத்தகத்தில் படித்திருந்தேன். வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். அன்றைக்கு நண்டு. மாமா பாதியில் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, அந்தப் பழைய விஷயத்துக்கு இப்ப என் மேல கேஸ் வருமா?"

"நான் பி.காம். மாமா. பி.எல். இல்ல" என்றேன்.

"அப்ப அந்தப் பொங்கலை எதுலயும் எழுதிப்புடாதே" என்று இன்னொரு நண்டை என் தட்டில் வைத்தார்.