பெற்றரி இறங்கிவிட்டால் என்ன செய்வது?

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. இன்று 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்துகிறது.

வெளியேறுவதற்கு, நடக்க முடியாத முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒரு வாகனம் வேண்டும். நள்ளிரவில், கொட்டும் மழையில், பல நாட்களாக நின்ற வேனின் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டால் என்ன செய்வது? ஆகவே பெற்றரியைப் பற்றி அறிந்திருப்பது மெக்கானிக்கின் வேலை மட்டுமல்ல. வீட்டிலுள்ள பெண்களும் அறிந்திருக்க வேண்டிய விடயம் அது.

ஏன் இறங்குகிறது?

சாதாரண காரின் பெற்றரி 12 வோல்ற் கொண்டது. அதனுள் ஏறத்தாழ 2 வோல்ற் வீதம் ஆறு கலங்கள் உள்ளன. ஈயத் தட்டும் ஈயவீரொட்சைட்டுத் தட்டும் ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்கும். மின்னைக் கொடுக்கும்போது இரு தட்டுகளிலும் ஈய சல்பேற்று படிகிறது. என்ஜின் ஓடும்போது மீண்டும் சார்ஜ் ஏறி, தட்டுகள் பழைய நிலைக்கு வருகின்றன. வாகனத்தை நெடுநாள் ஓடாமல் விட்டால் அந்தச் சல்பேற்று பளிங்காக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பயன் குறைவு. குளிரில் இரசாயனத் தாக்கம் மந்தமாகும், என்ஜின் ஒயிலும் தடிக்கும். கொழும்பில் ஓடிய பழைய பெற்றரி அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ அதிகாலையில் மக்கர் செய்வது இதனால்தான்.

பெற்றரி பெரும்பாலும் முன்கூட்டியே அறிகுறி காட்டும். காலையில் என்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும். ஸ்டார்ட் செய்யும்போது ஹெட்லைட் மங்கும். முனைவுகளில் வெள்ளை அல்லது பச்சை நிறத் தூள் படியும். இவற்றைக் கண்டவுடனே பரிசோதிக்கக் கொடுங்கள்.

இறங்கியபின் செய்ய வேண்டியவை

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். பிரகாசமாக எரிந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கலாம். வயர்கள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். மங்கலாக எரிந்தால் பெற்றரி இறங்கியிருக்கிறது.

இன்னொரு 12 வோல்ற் வாகனமும் ஜம்பர் வயர்களும் இருந்தால் இவ்வாறு செய்யலாம். இரு வாகனங்களும் ஒன்றையொன்று தொடாமல், என்ஜின் நிறுத்தப்பட்டு, ஹேண்ட் பிரேக் போடப்பட்டிருக்க வேண்டும்.

1. சிவப்பு வயரின் ஒரு முனையை இறங்கிய பெற்றரியின் நேர் (+) முனைவில் மாட்டுங்கள்.
2. மறுமுனையை நல்ல பெற்றரியின் நேர் முனைவில் மாட்டுங்கள்.
3. கறுப்பு வயரின் ஒரு முனையை நல்ல பெற்றரியின் மறை (-) முனைவில் மாட்டுங்கள்.
4. அதன் மறுமுனையை, ஸ்டார்ட் ஆகாத வாகனத்தின் என்ஜினில் பெயின்ற் பூசாத இரும்புப் பகுதியொன்றில், பெற்றரிக்குத் தூரமாக மாட்டுங்கள்.

கடைசி முனையைப் பெற்றரியில் மாட்டாததற்குக் காரணம் உண்டு. பெற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரலாம். கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறி அதைப் பற்றவைத்தால் பெற்றரி வெடிக்கும். அருகில் சிகரெட்டும் தீக்குச்சியும் கூடாது. வெளிச்சத்துக்கு டோர்ச்சையே பாவியுங்கள்.

நல்ல வாகனத்தைச் சில நிமிடம் ஓடவிட்டு, மற்றதை ஸ்டார்ட் செய்யுங்கள். பின்னர் வயர்களை மாட்டியதற்கு எதிர் ஒழுங்கில் கழற்றுங்கள். என்ஜினை உடனே நிறுத்தாமல் அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள்.

வீங்கிய, வெடித்த, கசியும் பெற்றரிக்கு இதைச் செய்யவே கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கியர் வாகனத்தைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் தோட்டத்துச் சரிவில் உருட்டிவிடுவது ஆபத்து. என்ஜின் ஓடாதபோது பிரேக் கடினமாகும், பவர் ஸ்டியரிங்கும் இறுகும். வளைவும் பள்ளமும் உள்ள பாதையில் அதைச் செய்யாதீர்கள்.

பழைய பெற்றரி

மாற்றிய பெற்றரியை வீட்டுப் பின்புறம் போட்டு வைப்பது, குறிப்பாகச் சிறுவர்கள் உள்ள வீட்டில், பெருந்தவறு. செனகல் நாட்டின் டக்காருக்கு அருகே பழைய பெற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்த ஓர் ஊரில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 சிறுவர்கள் ஈய நஞ்சால் இறந்தனர். புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்பதே நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய வழி. ஓடாமல் நிற்கும் வாகனத்தை வாரம் ஒருமுறையாவது அரை மணித்தியாலம் ஓட்டுவதும், மழைக்காலத்துக்கு முன் பெற்றரியைப் பரிசோதிப்பதும் அப்படிக் கட்டுவதுதான். சகோதரிகளே, இந்த விடுமுறையில் வாப்பாவிடமோ நானாவிடமோ பொனட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நேர் முனைவு எது, மறை முனைவு எது என்று பகல் வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.